கணக்கருக்கு சீட்டாட்டத்தில் ரூ.11 கோடி! வெறுங்கையோடு போனவர்கள் 776 பேர்

அமெரிக்காவில் ஓட்டல் ஒன்றில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த வாலிபர் அவர். வயது 27. வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, 86 டாலர் கட்டி சீட்டு ஆடினார். அன்றைய மதிப்பில் அது சுமார் 4 ஆயிரம் ரூபாய்.

அந்த 4 ஆயிரம் ரூபாய் கடைசியில் அவருக்கு 25 லட்சம் டாலராகத் திரும்பி வந்தது. நம்ம ஊர்க் கணக்கில் ரூ.11 கோடிக்கு மேல்!

இது கதை அல்ல. 2003-ம் ஆண்டு மே மாதம் லாஸ் வேகாஸ் நகரில் நடந்தது.

அவரைப் பார்த்து ஆயிரக்கணக்கான பேர் வேலையை விட்டார்கள். சேமிப்பை எடுத்தார்கள். "அவனால முடிஞ்சா என்னால முடியாதா?" என்று கேட்டார்கள். அவர்கள் கதை என்ன ஆயிற்று?

இதுபற்றிய சுவையான விவரம் வருமாறு:-

பெயரே பணம்தான்

அந்த வாலிபரின் பெயர் கிறிஸ் மணிமேக்கர். "பணம் பண்ணுகிறவர்" என்று அர்த்தம். பரிசு கிடைத்த பிறகு வைத்துக்கொண்ட பட்டப்பெயர் என்றுதான் பலரும் நினைத்தார்கள். இல்லை. அது அவருடைய குடும்பப் பெயர்!

டென்னசி மாநிலத்தைச் சேர்ந்தவர். கல்லூரியில் படித்ததும் கணக்கு, பார்த்த வேலையும் கணக்கு. வரவு, செலவு, பாக்கி. இதுதான் அன்றாடப் பாடு.

ஆனால் சொந்த வரவு-செலவில் மட்டும் துண்டு விழுந்தது. விளையாட்டுப் போட்டிகளின் மீது பந்தயம் கட்டும் பழக்கம் அவருக்கு உண்டு. அதில் கடன் ஏறியது. கிரெடிட் கார்டிலும் பாக்கி.

மாலையில் வேலை முடிந்து வந்தால், இன்டர்நெட்டில் போக்கர் ஆடுவார். அவர் தொழில்முறை ஆட்டக்காரர் அல்ல. பொழுதுபோக்குக்கு ஆடுகிறவர்தான்.

போக்கர் என்றால் என்ன?

நம்ம ஊர் ரம்மியில் சீட்டுகளைச் சேர்த்து இறக்குகிறோம். போக்கர் அப்படி அல்ல. அது மூணு சீட்டுக்கு அண்ணன் மாதிரி.

ஒவ்வொருவருக்கும் 2 சீட்டு கவிழ்த்துப் போடுவார்கள். அதை அவரவர் மட்டும் பார்க்கலாம். பிறகு மேஜை நடுவில் எல்லாருக்கும் பொதுவாக 5 சீட்டுகளைத் திறந்து வைப்பார்கள். முதலில் 3, அப்புறம் 1, கடைசியாக 1.

ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் கட்டலாம், ஏற்றலாம், பயமாக இருந்தால் சீட்டைப் போட்டுவிட்டு ஒதுங்கலாம். கடைசி வரை நிற்பவர்களில், 7 சீட்டில் நல்ல 5 சீட்டு யாருக்கு அமைகிறதோ, அவருக்குப் பணம்.

ஆனால் நல்ல சீட்டு இருந்தால்தான் ஜெயிக்க முடியும் என்று இல்லை. கையில் ஒன்றுமே இல்லாமல், இருப்பதுபோல உதார் விட்டு, எதிராளியை ஓட வைத்தும் ஜெயிக்கலாம். இந்த ஆட்டத்தின் சூட்சுமமே அந்த உதாரில்தான் இருக்கிறது.

4-வது இடம் போதும்!

லாஸ் வேகாசில் ஆண்டுதோறும் உலக போக்கர் போட்டி நடக்கிறது. 1970-ல் பினியன்ஸ் ஹார்ஸ்ஷூ என்ற சூதாட்ட விடுதியில் தொடங்கிய போட்டி அது. அதன் முக்கிய ஆட்டத்தில் உட்கார நுழைவுக் கட்டணம் 10 ஆயிரம் டாலர். அப்போதைய மதிப்பில் சுமார் ரூ.4½ லட்சம்.

கடனில் இருக்கும் கணக்கர் அந்தப் பணத்துக்கு எங்கே போவார்?

அங்கேதான் இன்டர்நெட் வந்தது. கொஞ்சம் பணம் கட்டி சின்னப் போட்டியில் ஆடலாம். அதில் ஜெயித்தால் அடுத்த கட்டம். அதிலும் ஜெயித்தால் லாஸ் வேகாஸ் டிக்கெட் பரிசு.

மணிமேக்கர் 86 டாலர் கட்டி முதல் கட்டத்தில் ஜெயித்தார். அடுத்த கட்டத்தில் முதல் 3 இடங்களுக்கு லாஸ் வேகாஸ் டிக்கெட். 4-வது இடத்துக்கு டிக்கெட் இல்லை. 8 ஆயிரம் டாலர் ரொக்கம்.

அவர் எதற்குக் குறி வைத்தார் தெரியுமா? 4-வது இடத்துக்கு!

ஆம். ரொக்கம் கிடைத்தால் கடனை அடைக்கலாம். டிக்கெட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கடன்காரனிடம் சீட்டுப் போட்டி டிக்கெட்டை நீட்ட முடியுமா?

நண்பர் ஒருவர்தான் அவர் மனத்தை மாற்றினார். பரிசில் பாதிப் பங்குக்கு நான் பணம் தருகிறேன், டிக்கெட்டை ஜெயித்துவிடு என்றார். மணிமேக்கரும் ஜெயித்தார். ஆனால் சொன்ன நண்பரால் பணம் புரட்ட முடியவில்லை. கடைசியில் மணிமேக்கரின் தந்தையும் இன்னொரு நண்பரும் பங்கு போட்டு அவரை அனுப்பி வைத்தனர்.

முகம் தெரியாத ஆட்டம்

இன்டர்நெட்டில் ஆடுகிறவருக்குப் பல வசதிகள். லுங்கியோடு உட்கார்ந்து ஆடலாம். கை நடுங்கினாலும் எதிராளிக்குத் தெரியாது. முகம் வெளிறினாலும் கவலை இல்லை. யாருக்கு எவ்வளவு பணம், யார் முறை, எவ்வளவு கட்டவேண்டும் என்று எல்லாவற்றையும் கம்ப்யூட்டரே சொல்லிவிடும். முறை தவறி ஆட நினைத்தாலும் அது விடாது.

வேகமும் அதிகம். நேரில் ஆடினால் மணிக்கு சுமார் 30 ஆட்டம் நடக்கும். ஒருவர் சீட்டு கலைக்கவேண்டும், பகிரவேண்டும், டோக்கன்களை எண்ணவேண்டும். கம்ப்யூட்டரில் அந்த வேலை எதுவும் இல்லை. ஒரு மேஜையிலேயே அதுபோல இரண்டு மடங்குக்கு மேல் ஓடும். ஒரே சமயத்தில் 4 மேஜைகளில் ஆடுகிறவர்களும் உண்டு.

வசதி இருக்கும் இடத்தில்தான் வம்பும் இருக்கிறது. நேரில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து விடுகிற பணத்தை, இங்கே ஒரு மணி நேரத்தில் விட்டுவிடலாம். "ராத்திரி பன்னிரண்டு ஆச்சு, போதும், எழுந்திரு" என்று சொல்லக்கூட பக்கத்தில் ஆள் இருக்காது. விட்டதைப் பிடிக்கிறேன் என்று இறங்கினால், விடியும்வரை கடை திறந்தே இருக்கும்.

முகத்துக்கு முகம்

2003 மே மாதம் மணிமேக்கர் லாஸ் வேகாஸ் போய் இறங்கினார். நேரில் பெரிய போட்டி என்று அவர் ஆடுவது அதுதான் முதல் தடவை!

அரங்கத்தில் 839 பேர். இருபது, முப்பது வருடமாக இதே தொழிலாக இருக்கும் பழம்பெருச்சாளிகள் பலர். அவர்கள் சீட்டை மட்டும் பார்க்கமாட்டார்கள். எதிராளியின் கண், கழுத்து நரம்பு, விரல், மூச்சு எல்லாவற்றையும் பார்ப்பார்கள். நல்ல சீட்டு வந்ததும் கை லேசாக நடுங்கும். பொய் சொல்லும்போது சிலர் சிலைபோல ஆகிவிடுவார்கள். இதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி.

நேரில் ஆடும்போது சட்டதிட்டமும் உண்டு. தன் முறை வருமுன் வாய் திறக்கக்கூடாது. எவ்வளவு கட்டுகிறோம் என்று வாயால் சொல்லாவிட்டால், டோக்கன்களை ஒரே தடவையில் நகர்த்திவிடவேண்டும். கொஞ்சம் வைத்து, எதிராளியின் முகத்தைப் பார்த்துவிட்டு, மேலும் கொஞ்சம் வைப்பது செல்லாது. கம்ப்யூட்டரில் பழகியவர்கள் சறுக்குவது இங்கேதான்.

மணிமேக்கர் கருப்புக் கண்ணாடி போட்டார். தலையில் தொப்பி. கண்ணை மறைத்துக்கொண்டு 5 நாள் தாக்குப் பிடித்தார்.

சாம்பியன் அவுட்!

3-வது நாளில் அவர் கையில் சிக்கியவர் ஜானி சான். 1987, 1988 என்று அடுத்தடுத்து இரண்டு ஆண்டு உலக சாம்பியன் ஆனவர். அவரை இந்தக் கணக்கர் வெளியே அனுப்பினார். அரங்கமே திரும்பிப் பார்த்தது.

அடுத்து பில் ஐவி. உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவர் என்று பின்னாளில் பெயர் எடுத்தவர். 10 பேர் மிச்சம் இருந்தபோது இரண்டு பேரும் மோதினார்கள்.

மணிமேக்கர் கையில் ஒரு ஏஸ், ஒரு ராணி. ஐவி கையில் இரண்டு 9. நடுவில் திறந்த முதல் 3 சீட்டு ராணி, ராணி, 6. மணிமேக்கருக்கு ராணி மூன்று ஆகிவிட்டது. 4-வது சீட்டு 9! இப்போது ஐவியிடம் 9 மூன்று, ராணி இரண்டு. அவர் கை மேலே போய்விட்டது. உள்ளதை எல்லாம் வைத்தார் ஐவி. மணிமேக்கரும் விடவில்லை.

பாக்கி ஒரே ஒரு சீட்டு. கட்டில் கண்ணுக்குத் தெரியாமல் இருந்தது 44 சீட்டு. அதில் மணிமேக்கரைக் காப்பாற்றக்கூடியது 7 சீட்டுதான். மற்ற 37-ல் எது வந்தாலும் ஐவிக்கே வெற்றி.

வந்தது ஏஸ்! ராணி மூன்று, ஏஸ் இரண்டு. ஐவி எழுந்து போனார்.

திறமையா, அதிர்ஷ்டமா என்று இன்றுவரை பேசுகிறார்கள். அந்த ஒரு சீட்டு வேறாக இருந்திருந்தால் மணிமேக்கர் மீதியிருந்த டோக்கனோடு தள்ளாடியிருப்பார். ஐவி மலைபோல் எழுந்திருப்பார்.

உதார்... உதார்!

கடைசியில் எஞ்சியவர்கள் இரண்டு பேர். மணிமேக்கரும் சாம் பார்ஹாவும். பார்ஹா லெபனானில் பிறந்தவர். பெரும் பணம் வைத்து ஆடுவதே அவர் தொழில். பற்றவைக்காத சிகரெட் எப்போதும் வாயில் இருக்கும்.

முதல் பரிசு 25 லட்சம் டாலர். இரண்டாம் பரிசு 13 லட்சம் டாலர். ஆட்டம் தொடங்குமுன், பணத்தைச் சமமாகப் பிரித்துக்கொள்ளலாமா என்று மணிமேக்கர் கேட்டார். பார்ஹா மறுத்துவிட்டார். கத்துக்குட்டியிடம் பங்கு போடுவதாவது!

பிறகு வந்தது அந்த ஆட்டம்.

மணிமேக்கர் கையில் இஸ்பேடு ராஜா, ஆர்ட்டின் 7. பார்ஹா கையில் இஸ்பேடு ராணி, ஆர்ட்டின் 9. நடுவில் 9, 2, 6, பிறகு 8. அவற்றில் 3 சீட்டு இஸ்பேடு. இன்னொரு இஸ்பேடு வந்தால் மணிமேக்கருக்கு ஒரே இனத்தில் 5 சீட்டு சேரும். 5 அல்லது 10 வந்தால் வரிசை சேரும்.

கடைசிச் சீட்டைத் திறந்தார்கள். ஆர்ட்டின் 3. எதுவும் சேரவில்லை. மணிமேக்கர் கையில் ஒரு ஜோடிகூட இல்லை. பூஜ்யம்! பார்ஹாவிடம் 9 ஜோடி இருந்தது.

யாராக இருந்தாலும் சீட்டைப் போட்டுவிட்டு ஒதுங்கியிருப்பார்கள். மணிமேக்கர் தன்னிடம் இருந்த மொத்த டோக்கனையும் பந்தயம் வைத்தார்!

பார்ஹா வெகுநேரம் யோசித்தார். இஸ்பேடு சேராமல் போயிருக்குமே என்று வாய்விட்டே சொன்னார். சரியாகத்தான் கணித்தார். ஆனால் எதிரே கருப்புக் கண்ணாடி. அசைவே இல்லை.

பார்ஹா சீட்டைப் போட்டார். உதார் பலித்துவிட்டது.

அதோடு ஆட்டத்தின் போக்கே மாறியது. கடைசிக் கையில் மணிமேக்கரிடம் 5-ம் 4-ம். பார்ஹாவிடம் ஜாக்கியும் 10-ம். நடுவில் ஜாக்கி, 5, 4. பார்ஹா இருந்ததை எல்லாம் வைத்தார். கடைசிச் சீட்டு இன்னொரு 5. ஆட்டம் முடிந்தது. கணக்கர் உலக சாம்பியன்!

டெலிவிஷனில் பார்த்தார்கள்

இதற்கு முன்பும் உலக சாம்பியன்கள் இருந்தார்கள். ஆனால் அந்த ஆண்டு டெலிவிஷன்காரர்கள் மேஜையின் ஓரத்தில் சின்னக் கேமராக்களைப் பொருத்தியிருந்தார்கள். ஆடுகிறவர் கவிழ்த்து வைத்த சீட்டு, வீட்டில் பார்ப்பவருக்குத் தெரிந்தது. பார்ஹா ஏமாந்ததை அமெரிக்காவே பார்த்தது. நிகழ்ச்சியைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள்.

"இவ்வளவுதானா? இதை நானும் செய்வேனே" என்று தோன்றியது பலருக்கு.

அடுத்த ஆண்டு 839 பேர் 2 ஆயிரத்து 576 பேர் ஆனார்கள். 2005-ல் 5 ஆயிரத்து 619 பேர். 2006-ல் 8 ஆயிரத்து 773 பேர்! மூன்றே ஆண்டில் பத்து மடங்கு. 2004-ல் ஜெயித்த கிரெக் ரேமரும் இன்டர்நெட்டில் டிக்கெட் வாங்கி வந்தவர்தான். கேட்கவேண்டுமா? தீ இன்னும் பற்றிக்கொண்டது.

மற்றவர்கள் கணக்கு

இனி மற்றவர்கள் கணக்கு.

2003-ல் 839 பேர் ஆளுக்கு 10 ஆயிரம் டாலர் கட்டினார்கள். மொத்தம் 83 லட்சத்து 90 ஆயிரம் டாலர். பரிசாகத் திருப்பிக் கொடுத்தது 78 லட்சத்து 2 ஆயிரத்து 700 டாலர். நூற்றுக்கு 7 வீதம் அங்கேயே கழிந்தது.

பரிசு பெற்றவர்கள் 63 பேர். மீதி 776 பேருக்கு ஒரு காசு கிடையாது. பஸ் செலவும் ஓட்டல் செலவும் தனி.

போக்கரில் வானத்திலிருந்து பணம் கொட்டுவதில்லை. ஒருவர் ஜெயிப்பது இன்னொருவர் விட்டது. நடுவில் ஆட்டம் நடத்துகிறவர் ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒரு பங்கு எடுத்துக்கொள்கிறார். அவர் மட்டும் தோற்பதே இல்லை.

கள்ளக் கண்

இன்டர்நெட்டில் ஆடப் போனவர்களுக்கு வேறு ஒரு அதிர்ச்சியும் காத்திருந்தது.

அல்டிமேட் பெட் என்ற தளத்தில் சில ஆட்டக்காரர்கள் மட்டும் நம்பமுடியாத அளவுக்கு ஜெயித்தார்கள். துருவிப் பார்த்தபோது, எதிராளிகளின் கவிழ்த்த சீட்டுகளை அவர்கள் கள்ளத்தனமாகப் பார்த்தது அம்பலமாயிற்று! இதில் முக்கியப் பங்கு 1994-ம் ஆண்டின் உலக சாம்பியனுக்கு என்று, அதைக் கண்காணித்த ஆணையம் 2008-ல் அறிவித்தது. மோசடியைக் கண்டுபிடிக்க உதவியவர்கள் ஆட்டக்காரர்கள்தான். அவர்கள் உட்கார்ந்து ஆட்டங்களைக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள்.

2011 ஏப்ரல் 15, வெள்ளிக்கிழமை. அமெரிக்க அரசு பெரிய போக்கர் தளங்களை ஒரே நாளில் முடக்கியது. போக்கர்ஸ்டார்ஸ் தளம் ஆட்டக்காரர்களின் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. புல் டில்ட் என்ற தளத்தில் பணம் போட்டிருந்தவர்கள் திண்டாடினார்கள். ஆட்டக்காரர்களுக்கு அது தரவேண்டியது சுமார் 39 கோடி டாலர். வங்கியில் இருந்தது சுமார் 6 கோடி டாலர் என்று அரசு வக்கீல்கள் கோர்ட்டில் தெரிவித்தனர். அமெரிக்க ஆட்டக்காரர்களுக்குப் பணம் திரும்பி வரத் தொடங்கியது 2014-ல்தான். ஏறக்குறைய 3 ஆண்டு!

நேரில் ஆடி ஜெயித்தால் டோக்கனைக் கொடுத்துக் கையோடு பணம் வாங்கலாம். திரையில் தெரிவது வெறும் எண். அது சட்டைப்பைக்கு வந்தால்தான் பணம்.

எதிரே மனிதனா?

2017-ல் பிட்ஸ்பர்க் நகரில் லிப்ராட்டஸ் என்ற கம்ப்யூட்டர் புரோகிராம், 4 தொழில்முறை ஆட்டக்காரர்களோடு 1 லட்சத்து 20 ஆயிரம் ஆட்டம் ஆடி ஜெயித்தது. உதார் விடவும் அதற்குத் தெரிந்திருந்தது! 2019-ல் இன்னொரு புரோகிராம், 6 பேர் ஆடும் மேஜையிலும் கைவரிசையைக் காட்டியது.

ஆகவே ராத்திரி இரண்டு மணிக்குத் திரைக்கு முன் உட்காருகிறவருக்கு, எதிரே இருப்பது ஆளா, யந்திரமா என்பதே சந்தேகம். 2003-ல் மணிமேக்கருக்கு அந்தக் கவலை இருக்கவில்லை.

8 ஆயிரம் டாலர்

மணிமேக்கர் கணக்கு வேலையை விட்டார். போக்கர்ஸ்டார்ஸ் தளத்தின் விளம்பர முகமாக 2020 வரை இருந்தார். 2019-ல் போக்கர் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர்ந்தது. ஆனால் உலகப் போட்டியில் வெற்றி பெறுகிறவருக்குத் தரும் தங்கக் காப்பு, 2003-க்குப் பிறகு 20 ஆண்டு ஆடியும் அவர் கையில் இரண்டாவது ஏறவில்லை. சாம்பியனுக்கே அப்படி!

அவரைப் போல் ஆகவேண்டும் என்று வருகிறவர்கள் கூட்டம் மட்டும் குறையவில்லை. 2023-ல் முக்கிய ஆட்டத்தில் உட்கார்ந்தவர்கள் 10 ஆயிரத்து 43 பேர். எல்லாரும் நினைத்துக்கொண்டு வருவது அந்த 25 லட்சம் டாலரை.

கையில் கடனோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்த அந்த ராத்திரி, கணக்கு படித்த மணிமேக்கர் கேட்டது 25 லட்சத்தை அல்ல. 4-வது இடத்துக்கான 8 ஆயிரம் டாலரைத்தான்.